புதுப்பிப்பு: பி.எச்டி. முடிந்தது, ஊர்ப் பக்கமே வேலை

"முனைவர் பட்டம் வாங்கிவிட்டு ராமநாதபுரம் பக்கமே கற்பிக்கப் போவதா, சென்னைக்குப் போவதா?" என்று போன வருடம் கேட்டிருந்தேன். பலரும் சென்னை என்றீர்கள். அப்பா, அம்மா இருப்பது ராமேசுவரம் பக்கத்து மண்டபம் ஊரில். சரி என்று பக்கத்துத் தனியார் பொறியியல் கல்லூரியிலேயே உதவிப் பேராசிரியராகச் சேர்ந்துவிட்டேன்.

நெட் (கல்லூரி ஆசிரியருக்கான தேசியத் தகுதித் தேர்வு) வேண்டாமா என்று கேட்ட தம்பிக்கு: பொறியியலில் அது கட்டாயமில்லை. பி.இ., எம்.இ. இரண்டும் முடித்து, ஏதாவது ஒன்றில் முதல் வகுப்பு இருந்தால் போதும். ஏ.ஐ.சி.டி.இ. (அகில இந்தியத் தொழில்நுட்பக் கல்விக் குழு) விதிப்படி இணைப் பேராசிரியர் ஆகத்தான் முனைவர் பட்டம் கட்டாயம். ஏழாவது ஊதியக்குழு கணக்கில் உதவிப் பேராசிரியரின் தொடக்க அடிப்படைச் சம்பளம் 57,700 ரூபாய். பல தனியார் கல்லூரிகளில் அதைக் கேட்டால் சிரிப்பார்கள்.

நேர்காணலில் ஆய்வேட்டை யாரும் புரட்டவில்லை. மாதிரி வகுப்புதான் எல்லாம். என் ஆய்வு கடலோரக் கான்கிரீட்டில் கம்பி துருப்பிடிப்பது பற்றி, அதனால் 1988இல் திறந்த பாம்பன் சாலைப் பாலத்தையே எடுத்துக்கொண்டேன். கான்கிரீட்டின் காரத்தன்மை கம்பிமேல் ஒரு காப்புப் படலத்தை உண்டாக்கும். உப்புக்காற்றின் குளோரைடு மெல்ல உள்ளே இறங்கி அதை உடைக்கும். துருவுக்கு இரும்பைவிட அதிக இடம் வேண்டும், அதனால் மேலே மூடியிருக்கும் கான்கிரீட் வெடித்து உதிரும். இப்போது வகுப்பில் இதைச் சொன்னால், "எங்க வீட்டு சன்ஷேடும் இப்படித்தான் சார் உதிருது" என்கிறார்கள். சென்னையில் இந்தப் பதில் கிடைத்திருக்குமா தெரியாது.

அப்புறம், சென்னைக் கட்சிக்காரர்கள் கோபிக்க வேண்டாம். ஒரு போஸ்ட்டாக் (முனைவர் பட்டத்துக்குப் பிந்தைய ஆய்வுப் பணி) விண்ணப்பமும் போட்டு வைத்திருக்கிறேன்.