பறக்கும் கப்பல் மேசையில் வந்த அன்று நடந்தது: உங்கள் அனுபவம் சொல்லுங்கள்

#1
டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் (D&D) என்ற பகடைக் கதையாட்டத்தில் ஸ்பெல்ஜாமர் நடத்துகிறேன், மந்திரக் கப்பல்கள் விண்வெளியில் பறக்கும் உலகம், 2022இல் வந்த விதிகள். மூன்று வாரம் ஆகிறது, இன்னும் மனசு ஆறவில்லை.

கப்பல் சண்டை. எதிரிக் கப்பல் பக்கவாட்டில் மோதியது. மேல்தட்டின் ஓரத்தில் நின்ற ரோக் (திருடன் வகைக் கேரக்டர்), பகடையில் 4 விழுந்து, வெளியே போய்விட்டான். "இப்ப என்ன ஆகும்?" என்று கேட்டார் அவனை ஆடுகிற நண்பர். நான் யோசிக்கவே இல்லை. "விழுந்துகொண்டே இருக்கிறாய், முடிவே கிடையாது" என்று சொல்லிவிட்டேன். அவர் வாதாடவில்லை. பென்சிலைக் கீழே வைத்தார். இரண்டு வருஷம் ஆடிய கேரக்டரின் விவரமெல்லாம் எழுதிய ஷீட்டை நான்காக மடித்துப் பைக்குள் வைத்தார். அந்த மடிப்புதான் இன்னும் கண்ணில் நிற்கிறது.

அன்று இரவு புத்தகத்தைத் திறந்தேன். அங்கே ஈர்ப்பு என்பது கப்பலுக்குச் சொந்தமானது. கப்பலின் நடுவில் கிடைமட்டமாக ஒரு ஈர்ப்புத் தளம் ஓடுகிறது. மேலே இருப்பவனும் அதை நோக்கித்தான் விழுவான், அடியில் இருப்பவனும் அதை நோக்கித்தான். ஓரத்தில் விழுந்தவன் தளத்தைத் தாண்டிப் போவான், மறுபக்க ஈர்ப்பு அவனைத் திருப்பி இழுக்கும், ஊஞ்சல் மாதிரி போய் வந்துகொண்டிருப்பான். ஒரு கயிறு வீசியிருந்தால் போதும். கயிறு அவர்களிடம் இருந்தது. நான்தான் வழியை அடைத்துவிட்டேன்.

#2
எங்களுக்குப் பிரச்சினை காற்றில் வந்தது.

எதிரி எங்கள் ஹெல்மையே, மந்திரத்தால் கப்பலை ஓட்டும் நாற்காலியையே, பெயர்த்துக்கொண்டு போய்விட்டான். அந்த நாற்காலி இல்லாமல் கப்பல் வெறும் மரக்கட்டை. மிதந்துகொண்டிருந்தோம். எங்கள் கப்பலுக்கு 20 பேர் கணக்கு. சிதைந்த இன்னொரு கப்பலிலிருந்து மேலும் 20 பேரை ஏற்றிக்கொண்டோம். ஏற்றும்போது அத்தனை பேர் முகத்திலும் சந்தோஷம். டிஎம் (ஆட்டத்தை நடத்துபவர்) எதுவும் பேசவில்லை. ஒரு தாளில் 120 என்று எழுதி, அதை அடித்து, 60 என்று எழுதி மேசை நடுவில் வைத்தார்.

கப்பலைச் சுற்றியிருக்கும் காற்று 120 நாள் நன்றாக இருக்கும், ஆள் இரண்டு மடங்கானால் நாள் பாதி. அதற்கப்புறம் காற்று கெடும், மூச்சே விஷம்போல உடம்பை வாட்டும். அதையும் தாண்டினால் மூச்சடைப்புதான். இதெல்லாம் எங்களுக்கு ஏற்கெனவே தெரியும். தெரிந்தும் அந்தத் தாளைப் பார்த்த பிறகுதான் உறைத்தது.

41ஆம் நாள். கிளெரிக் (கடவுளின் ஊழியர் கேரக்டர்) ஆடுபவர், மிகவும் மென்மையானவர், "இந்த 20 பேர்ல யாராவது…" என்று ஆரம்பித்து நிறுத்திவிட்டார். அந்த வாக்கியத்தை யாரும் முடிக்கவில்லை. 52ஆம் நாள் ஒரு கப்பல் எங்களைப் பார்த்துவிட்டது, எல்லாரும் பிழைத்தோம். ஆனால் அவர் முடிக்காமல் விட்டது எனக்குள் அப்படியே இருக்கிறது. ஏனென்றால் நானும் அதைத்தான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

#3
#1, நீங்கள் செய்தது தவறே இல்லை என்று நினைக்கிறேன். மேசையில் டிஎம் சொன்னதுதான் விதி. சண்டைக்கு நடுவில் புத்தகம் புரட்டினால் ஆட்டம் செத்துவிடும்.

நான் எபெரான் ஆடுகிறவள், அது D&Dயின் இன்னொரு உலகம். அங்கே இந்தத் தளம், காற்றுறை எதுவும் கிடையாது. விழுந்தால் விழுந்ததுதான், கீழே நிஜத் தரை இருக்கிறது. கப்பலைத் தூக்குவது சோர்வுட் என்ற மிதக்கும் மரம். ஓட்டுவது கைபர் டிராகன்ஷார்ட் என்ற மந்திரக் கல்லில் கட்டிவைத்த பூதம். கப்பலைச் சுற்றி நெருப்பு வளையமாகச் சுழல்கிறதே, அதுவேதான் அந்தப் பூதம். வளையம் அடிப்பக்கமும் போவதால் தரையில் இறங்க முடியாது, கோபுரத்தில்தான் கட்ட வேண்டும்.

புது ஆட்டக்காரி ஒருத்திக்கு இதையெல்லாம் ஆசை ஆசையாக விளக்கிக்கொண்டிருந்தேன். மணிக்கு 20 மைல், லிராண்டர் குடும்பத்தின் புயல் அடையாளம் என்ற மந்திரக் குறி உடம்பில் உள்ளவர்தான் சக்கரத்தைப் பிடிப்பார், அவர் மனதால் பூதத்துக்குக் கட்டளையிடுவார் என்று. அவள் கேட்டுக்கொண்டே இருந்தாள். அப்புறம், "அது மனசு உள்ளதா? அப்ப அதுகிட்ட யாராவது கேட்டாங்களா?" என்றாள்.

என்னிடம் பதில் இல்லை. அடுத்த காட்சியில் அவள் கேரக்டர் யாருக்கும் தெரியாமல் சக்கரத்தைத் தொட்டு, "உனக்கு என்ன வேணும்?" என்று கேட்டாள். மேசையே அமைதியாகிவிட்டது. நான் "அது பதில் சொல்லவில்லை. வளையம் மட்டும் ஒரு கணம் மங்கியது" என்றேன். நாங்கள் ஆறு மாதமாக அந்தக் கப்பலில் போய்க்கொண்டிருந்தோம். அதற்குப் பிறகு யாருக்கும் அதில் ஏற மனசு வரவில்லை. மீதிக் கதை கால்நடையாகவே முடிந்தது. அந்தக் கேள்வியை நான் ஏன் முதலில் கேட்டுக்கொள்ளவில்லை என்பதுதான் உறுத்தல்.

#4
#3 சொல்வதை ஒப்புக்கொள்ள முடியவில்லை. "டிஎம் சொன்னதுதான் விதி" என்றால் கப்பலில் ஏறுவதற்கு முன்பே சொல்லியிருக்க வேண்டும். ஆபத்து எப்படி இயங்கும் என்று தெரிந்தால்தான் ஆட்டக்காரர் துணிந்து இறங்க முடியும். தெரியாமல் இறப்பது அநியாயம்.

என் கதை சின்னது. 1989இல் வந்த முதல் ஸ்பெல்ஜாமர் பெட்டியை வைத்து ஆடினோம். நான் மந்திரவாதி. அந்த விதியில் ஹெல்மில் உட்கார்ந்தால் அன்றைய மந்திரங்கள் எல்லாம் போய்விடும். யாரும் எனக்குச் சொல்லவில்லை. பெருமையாக உட்கார்ந்தேன். எதிரி ஏறி வந்தபோது கையில் ஒரு மந்திரம்கூட இல்லை. மூன்று மணி நேரம் மற்றவர்கள் பகடை உருட்டுவதைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அதனால் இதை எழுதுகிறேன், யாரும் கேட்காவிட்டாலும். புதியவர்களுக்குக் கப்பலை விளக்கும்போது வரலாற்றிலிருந்து ஆரம்பிக்காதீர்கள். யார் ஓட்டுகிறார், அதற்கு அவர் எதை இழக்கிறார் என்பதை முதலில் சொல்லுங்கள். 2022 விதியில் மந்திரங்கள் போகாது, ஆனால் ஹெல்மோடு மனதால் இணைந்திருக்க வேண்டும், கவனம் சிதறக் கூடாது. பழைய விதியில் ஓட்டுபவரின் லெவல் (தேர்ச்சி நிலை) கூடக் கூடக் கப்பலின் வேகமும் கூடும், புதியதில் அப்படி இல்லை. இரண்டையும் கலந்து நினைவில் வைத்திருக்கும் டிஎம்கள்தான் அதிகம் குழப்புகிறார்கள். அப்புறம் "கீழே" எந்தப் பக்கம் என்பதை வாயால் சொல்லாதீர்கள். ஒரு அட்டையை எடுத்து, மேல்பக்கம் ஒரு பொம்மை, அடிப்பக்கம் ஒரு பொம்மை ஒட்டிக் காட்டுங்கள். இருவருக்கும் கால் அட்டையில்தான் இருக்கும். பத்து நிமிஷப் பேச்சு மிச்சம். காற்றுக் கணக்கை #2இன் டிஎம் செய்த மாதிரி தாளில் எழுதி வையுங்கள், அதைவிட நல்ல வழி எனக்குத் தெரியவில்லை. வேகத்தை மட்டும் தைரியமாகச் சொல்லுங்கள்: தடையில்லாத வெளியில் ஒரு நாளைக்கு 10 கோடி மைல், பெரிய பொருள் ஏதாவது அருகில் வந்தால் சாதாரண வேகத்துக்கு இறங்கிவிடும். சண்டை ஏன் மெதுவான வேகத்தில் நடக்கிறது என்பது அதிலேயே புரிந்துவிடும்.

#5
நாங்களும் பழைய விதிதான். ஃப்ளாஜிஸ்டன் கடலுக்குள் போய்க்கொண்டிருந்தோம். நெருப்பு பட்டால் எல்லாமே வெடிக்கும் இடம் அது. நண்பர் ஃபயர்பால் (நெருப்புப் பந்து மந்திரம்) போடப் போகிறேன் என்றார். டிஎம் "நிச்சயமா?" என்று இரண்டு முறை கேட்டார். நான் பக்கத்தில்தான் உட்கார்ந்திருந்தேன், எனக்குத் தெரியும், வாயைத் திறக்கவில்லை. கேரக்டருக்குத் தெரியாததை நான் சொல்லக் கூடாது என்று நினைத்தேன். கப்பலில் இருந்த ஏழு பேரும் போனார்கள். நண்பர் என்னைப் பார்த்து "உனக்குத் தெரியுமா?" என்று கேட்டார். தெரியும் என்றேன். அதற்கப்புறம் அவர் என் பக்கத்தில் உட்காரவில்லை.

#3
#4, ஏறுவதற்கு முன்பே சொல்ல வேண்டும் என்பது சரிதான். ஆனால் எல்லாவற்றையும் முன்னாலேயே விளக்கியிருந்தால் என் ஆட்டக்காரி அந்தக் கேள்வியைக் கேட்டிருப்பாளா? எனக்கு நிச்சயமில்லை.

#1
எல்லாவற்றையும் படித்தேன். #4இன் அட்டையை இன்றே செய்துவிட்டேன்.

இன்னொரு விஷயம். கதையில் அந்தச் சண்டை முடிந்து ஒரு நாள்கூட ஆகவில்லை. ரோக் கப்பலின் காற்றுக்குள்தான் போய் வந்துகொண்டிருந்திருப்பான். எப்படியோ கப்பலின் அடிப்பக்கத்தைப் பிடித்திருந்தால், அங்கே அவனால் எழுந்து நிற்கவே முடியும். காலடியில் மரப்பலகை, அதற்கு அந்தப் பக்கம் சரக்கறை, அதில் அவனுடைய கூட்டாளிகள்.

அடுத்த செஷனைச் சரக்கறையில் ஆரம்பிக்கிறேன். அடியிலிருந்து யாரோ தட்டுகிறார்கள்.

நண்பரிடம் விஷயத்தைச் சொல்லவில்லை. அந்த ஷீட் இன்னும் இருக்கிறதா என்று மட்டும் கேட்டேன். பைக்குள்தான் இருக்கிறதாம், எடுக்கவே இல்லையாம்.