இசைக்குறிமான மென்பொருள் பாடங்களில் சமகால இசைப்பகுதிகளைக் காட்டலாமா?

கேள்வி (பட்டர்வொர்த், பியானோ ஆசிரியை)

வணக்கம். மியூஸ்ஸ்கோர், டோரிகோ ஆகிய இசை எழுதும் மென்பொருள்களைத் தமிழில் விளக்கும் காணொளித் தொடர் ஒன்றைப் பினாங்கு மாணவர்களுக்காகத் தயாரித்து வருகிறேன். காணொளிகளைக் கட்டணமின்றி வெளியிடுவேன். துணையாக வரும் பயிற்சி நூலுக்கு மட்டும் விலை வைக்க எண்ணியிருக்கிறேன். எளிய பாடங்களுக்குப் பழைய இசையே போதும். ஆனால், இரு கைகளுக்கும் வெவ்வேறு தாள அளவு அமைக்கும் பாடத்திற்கு, இசையமைப்பாளர் ஜியார்ஜ் லிகெட்டியின் பியானோ எட்யூட்களில் (பயிற்சி இசைகளில்) முதலாவதான ‘டெசோர்த்ர்’ போல் பொருத்தமான எடுத்துக்காட்டு எனக்குக் கிடைக்கவில்லை. வலக்கை வெள்ளைக் கட்டைகளிலும் இடக்கை கறுப்புக் கட்டைகளிலும் ஓட, தொடக்கத்தில் நேராக நிற்கும் பார்க்கோடுகள் (பார் எனப்படும் தாளச் சுற்றுகளைப் பிரிக்கும் செங்குத்துக் கோடுகள்) போகப்போக விலகுவதைக் கண்ணால் பார்த்தால்தான் மாணவருக்கு விளங்கும்.

அச்சுப் பக்கத்தை ஸ்கேன் செய்யாமல் நானே மென்பொருளில் உள்ளிட்டால் அனுமதி வேண்டாம் என்கிறார் ஒருவர். எட்டு பார் வரை யாருடைய இசையையும் எடுத்தாளலாம் என்கிறார் இன்னொருவர். இவற்றை நம்பி இறங்கலாமா? மேலும், மியூஸ்ஸ்கோரில் ஒரு ஸ்டாஃபுக்கு (சுரங்களை எழுதும் ஐந்து கோட்டு வரிசைக்கு) மட்டும் தாள அளவை மாற்றினாலும் பார்க்கோடுகள் விலகாமல் ஒரே நேராக நிற்கின்றன. இதற்கும் வழி சொன்னால் உதவியாக இருக்கும்.

பதில் 1 (கோலாலம்பூர், பதிப்புத் துறை)

வணக்கம் அம்மா. இரண்டையும் நம்ப வேண்டாம். உரிமை இசைப்படைப்பின் மீதே இருப்பதால், ஒவ்வொரு சுரத்தையும் நீங்களே உள்ளிட்டாலும் அது படியெடுத்தல்தான். ஸ்கேன் செய்தால், அச்சிட்ட பதிப்புக்குரிய தனி உரிமையும் அதோடு சேர்ந்துகொள்ளும், வேறுபாடு அவ்வளவே. எட்டு பார் என்ற வரம்பும் மலேசியாவின் 1987ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டத்தில் இல்லை.

லிகெட்டி 2006இல் காலமானார். இங்கே படைப்பாளி மறைந்து 50 ஆண்டுகள் வரை உரிமை நீடிப்பதால் 2056 வரையிலும், 70 ஆண்டுகள் என்று வகுத்துள்ள ஐரோப்பிய ஒன்றியத்தில் 2076 வரையிலும் அவருடைய இசை காப்பில் இருக்கும். இணையக் காணொளி நம் எல்லையோடு நின்றுவிடாது என்பதையும் கணக்கில் கொள்ளுங்கள். 1945இல் மறைந்த பேலா பார்டோக்கின் இசை மலேசியாவில் எப்போதோ பொதுவுடைமையாகிவிட்டது; ஆயினும் 1940இல் வெளிவந்த அவருடைய பியானோ தொகுப்பான ‘மைக்ரோகாஸ்மோஸ்’ அமெரிக்காவில் வெளியீட்டிலிருந்து 95 ஆண்டுகள் என்ற கணக்கில் 2035 முடியும் வரை காக்கப்படுகிறது.

ஆனால் சட்டம் வழியை முற்றிலும் அடைக்கவில்லை. 13ஆம் பிரிவு நியாயமான கையாளுகையை அனுமதிக்கிறது. வணிக நோக்கமா கல்வி நோக்கமா, படைப்பு எத்தகையது, எவ்வளவு எடுத்தீர்கள், எடுத்தது படைப்பின் விற்பனையைப் பாதிக்குமா ஆகியவற்றை அது எடைபோடச் சொல்கிறது. கற்பித்தலுக்கான எடுத்துக்காட்டாக ஒரு படைப்பைத் திரைப்பதிவில் சேர்ப்பதற்கும் அதே பிரிவில் இடமுண்டு. அது நியாயமான நடைமுறைக்கு ஒத்திருக்க வேண்டும், மூலத்தையும் படைப்பாளி பெயரையும் குறிப்பிட வேண்டும். என் கருத்தில், பார்க்கோடு விலகும் இடத்தை மட்டும் இரண்டு மூன்று பார்கள் காட்டி விளக்கும் இலவசக் காணொளி இதற்குள் அடங்கும். விலைக்கு விற்கும் நூலுக்கு இதே வாதம் வலுவாக நிற்காது. அதற்கு அனுமதி கேட்டுவிடுங்கள்.

பதில் 2 (ஜார்ஜ்டவுன், டோரிகோ பயன்படுத்துபவர்)

அக்கா, மியூஸ்ஸ்கோரில் கன்ட்ரோல் விசையை அழுத்தியபடி தாள அளவை ஒரு ஸ்டாஃபின் மீது இழுத்து விட்டால், அது அந்த ஸ்டாஃபுக்கு மட்டும் பொருந்தும். ஆனால் இரு ஸ்டாஃபுகளின் பார்களும் ஒரே நீளம் என்றே மென்பொருள் எடுத்துக்கொண்டு, சுரங்களின் கால அளவைச் சுருக்கியோ நீட்டியோ பாருக்குள் அடக்கிவிடும். அதனால்தான் உங்கள் கோடுகள் நகரவில்லை. டோரிகோவில் தாள அளவை உள்ளிட்டபின் என்டருக்குப் பதிலாக ஆல்ட்டையும் என்டரையும் சேர்த்து அழுத்துங்கள். அந்த ஸ்டாஃபின் பார்க்கோடுகள் மற்றதைச் சாராமல் தாமாகவே பிரிந்து நிற்கும்.

நூலைப் பொறுத்தவரை, லிகெட்டியின் சுரங்கள் இல்லாமலே இந்தப் பாடத்தை நடத்தலாம். கருத்துக்கும் செய்முறைக்கும் பதிப்புரிமை கிடையாது என்று நம் சட்டத்தின் 7ஆம் பிரிவே சொல்கிறது. மேல் ஸ்டாஃபில் ஏழு எட்டு (7/8), கீழ் ஸ்டாஃபில் நான்கு நான்கு (4/4) என்று தாள அளவை அமைத்து, சொந்தமாக எட்டு பார் எழுதுங்கள். கீழே ஏழு பார் முடியும்போது மேலே எட்டு பார் முடிந்து, இரண்டு கோடுகளும் மீண்டும் ஒன்றாக வந்து நிற்கும். உள்ளிட்டது சரியா என்று மாணவர் தாமே சோதித்துக்கொள்ளவும் அது உதவும்.

கேள்வி கேட்டவர்

மிக்க நன்றி தம்பி. ஏழு எட்டு எடுத்துக்காட்டை நூலில் சேர்த்துக்கொள்கிறேன். இருந்தாலும், பெரும் படைப்பாளி ஒருவர் இதே உத்தியை வைத்து என்ன கட்டினார் என்பதைப் பக்கத்திலேயே காட்ட வேண்டும் என்ற ஆசை எனக்கு விடவில்லை. ஐயா, அனுமதிக் கடிதத்தில் எதையெல்லாம் எழுத வேண்டும்?

பதில் 1

எட்யூட்களை வெளியிட்டிருப்பது ஜெர்மனியின் ஷாட் நிறுவனம்; அதன் உரிம அனுமதிப் பிரிவுக்கு எழுதுங்கள். எட்யூட்டின் பெயர், தொகுதி, எந்தப் பார் முதல் எந்தப் பார் வரை, எத்தனை பிரதிகள், என்ன விலை, அச்சா மின்னூலா, எந்த நாடுகளில் விற்பனை ஆகியவற்றைத் தெளிவாகக் குறிப்பிட்டு, நீங்கள் உள்ளிட்ட பக்கத்தையும் இணைத்து அனுப்புங்கள். பதில் வரும்வரை அந்தப் பக்கத்தை நூலில் சேர்க்காதீர்கள். காணொளியில் யாருடைய ஒலிப்பதிவையும் பின்னணியில் ஓடவிட வேண்டாம். ஒலிப்பதிவுக்குத் தனி உரிமை உண்டு என்பதால், அந்த இரண்டு மூன்று பார்களை மென்பொருளின் ஒலியிலேயே கேட்கச் செய்யுங்கள்.