மண்டையோட்டை மட்டும் வச்சுப் பழங்காலக் கடல் வேட்டைவிலங்கை எப்பிடி அறியிறது?

கரைவலை:
உடம்பு கிடைக்காமல் மண்டையோடு மட்டும் கிடைச்சால், அது என்ன தின்டது எண்டு எப்பிடிச் சொல்லுறாங்கள்? எங்கட கிணறு வெட்டுற கல்லுக்கையும் இப்பிடி ஏதும் இருக்குமோ?

உடும்பன்:
முதல்ல பல்லைப் பாக்கோணும். முரல் மீன்ர வாய் மாதிரி ஒடுங்கின அலகும் ஊசிப்பல்லும் எண்டால் சின்ன மீன், கணவாய். குளோபிடென்ஸ் எண்ட மோசசோருக்கு (மோசசோர் எண்டால் டைனோசர் காலத்துப் பெரிய கடல்பல்லி) பல் உருண்டை; சிப்பி, ஓடு உடைக்கத்தான். மோசசோர் மேலண்ணத்திலயும் பின்பக்கம் வளைஞ்ச பல் இருக்கும், பாம்புக்கு இருக்கிற மாதிரி. பிடிச்ச இரை வெளிய நழுவாது, உள்ளதான் போகும்.

பிறகு கண்ணுக்குப் பின்னால இருக்கிற ஓட்டை. தாடைத்தசை அதுக்காலதான் போகுது. இங்கிலாந்து டோர்செட் கரையில 2022இல கண்ட பிளையோசோர் (கழுத்துக் குட்டையான, தலை பெரிய பழைய கடல் ஊர்வன) மண்டையோடு ஏறக்குறைய 2 மீற்றர், பல் 130. அந்த ஓட்டையின்ர அளவைப் பாத்தாலே கடி எப்பிடி இருந்திருக்கும் எண்டு விளங்கும்.

சிப்பி:
கண்ணை விட்டிட்டியள். இக்தியோசோர் எண்ட மீன் உருவப் பழைய கடல் ஊர்வனவின்ர கண்ணுக்குள்ள எலும்புத்தட்டு வளையம் கிடக்கும். அதில ஒரு வகையான ஒப்தல்மோசோரஸின்ர கண் 20 செ.மீ.க்கு மேல, வெளிச்சம் குறைஞ்ச ஆழத்தில வேட்டையாடினது எண்டு நினைக்கிறதுக்கு அதுதான் காரணம். ஆனால் கவனம்: மண் பாரத்தில மண்டையோடு தட்டையாகிப் போயிருக்கும். அப்பிடியே அளந்தால் அகலமும் கடிவிசையும் பிழைக்கும். சீரி ஸ்கான் எடுத்து, நசிஞ்சதைக் கணினியில நிமித்தித்தான் கணக்குப் பாக்கோணும்.

உடும்பன்:
கிணத்துக் கல்லுக்கு: யாழ்ப்பாணச் சுண்ணக்கல் மயோசீன் காலத்தது. மோசசோர் அழிஞ்சதே அதுக்குக் கனகாலம் முந்தி, 6.6 கோடி வருசத்துக்கு முன்னம். தேடுறதெண்டால் சிப்பி, சுறாப்பல் தேடுங்கோ.