தமிழ் இசையில் சொந்த லேபிளா, பெரிய கம்பெனியில் ஹெட் நாற்காலியா?

செம்பூர்_ரிதம்
மும்பை அந்தேரியில ஒரு பெரிய மியூசிக் கம்பெனி, தமிழ்ப் பிரிவுக்கு ஹெட் வேலை தருதுன்னு வைங்க. இன்னொரு பக்கம் தாராவி, செம்பூர்ல ராப், கானா பாடற பசங்களை வச்சு சொந்தமா லேபிள் தொடங்கவும் வழி இருக்கு. எது மேல்? "மனசு சொல்றதைக் கேளுங்க" வகையறா வேண்டாம், காரணத்தோட சொல்லுங்க.

மாஸ்டர்_என்_கையில்
சொந்த லேபிள்தான். ஒலிப்பதிவுக்குக் காப்புரிமை 60 வருஷம். காசு போட்டு, பொறுப்பெடுத்துப் பதிவு பண்ண தயாரிப்பாளர்தான் சட்டப்படி அதோட உரிமையாளர். ஹெட்டா உக்காந்து பத்து ஹிட் பொறுக்கிக் கொடுத்தாலும் ஒரு மாஸ்டர்கூட, அதாவது மூல ஒலிப்பதிவுகூட, உங்க பேர்ல நிக்காது. இன்னும் மோசம், காப்புரிமைச் சட்டம் 17(சி): வேலையின் பகுதியா நீங்களே மெட்டுப் போட்டாலும், ஒப்பந்தத்துல வேற மாதிரி எழுதலேன்னா முதல் உரிமை முதலாளிக்குத்தான்.

கணக்கு_மாமி
60 வருஷம் இருக்கட்டும் தம்பி, முதல் ஆறு மாசத்தைச் சொல்லுங்க. ரெக்கார்டிங், மிக்ஸ், மாஸ்டரிங், ஒரு சின்ன வீடியோ எல்லாம் சேர்த்துப் பாட்டுக்கு 80,000, மாசம் ரெண்டு பாட்டுன்னு வைங்க. ஸ்ட்ரீமிங் கணக்கு டிஸ்ட்ரிப்யூட்டர் (பாட்டை ஆப்புகள்ல ஏத்திப் பணத்தை வாங்கித் தர்றவர்) வழியா வந்து சேர ரெண்டு மூணு மாசம் ஆகும். முதல் ரூபாயைப் பார்க்கறதுக்குள்ள மூணு மாசத்துல ஆறு பாட்டுக்கு 4,80,000 வெளிய போயிருக்கும். அந்த முதல் ரூபாயும் நிச்சயமில்ல: 2024லேர்ந்து ஸ்பாட்டிஃபைல ஒரு பாட்டு முந்தின 12 மாசத்துல 1,000 தடவை ஓடலேன்னா அதுக்கு ராயல்டியே கிடையாது. இந்தியக் கம்பெனி கொடுக்கிற ராயல்டின்னா அதுலயும் பொதுவா 10 சதவீதம் டிடிஎஸ் (முன்கூட்டியே பிடிக்கற வருமான வரி) போகத்தான் வரும். ரிட்டர்ன் போட்டுத்தான் அதை நேர் பண்ணணும்.

ஸ்டெம்_ஃபைல்
சின்ன லேபிள் கவுந்து போறது பணத்தால மட்டும் இல்ல. பாதி இடத்துல வினையே பீட்டுலதான், அதாவது பாடறதுக்கு அடியில ஓடற இசைத் தடத்துல. நெட்டுல லீஸுக்கு வாங்கின பீட் நூறு பேர்கிட்ட இருக்கும். அதுமேல பாடி யூடியூப் கன்டென்ட் ஐடியை (ஒரே ஆடியோ வர்ற வீடியோக்களைத் தானாவே கண்டுபிடிக்கற வசதி) ஆன் பண்ணா, அதே பீட்டை வாங்கின மத்தவங்க வீடியோ எல்லாத்துக்கும் கிளெய்ம் போகும். அவங்க டிஸ்ப்யூட் போடுவாங்க, பணம் நிக்கும், டிஸ்ட்ரிப்யூட்டர் உங்க கணக்கையே முடக்கலாம். அதனால எக்ஸ்க்ளூசிவா எழுதி வாங்கின பீட்டுக்கு மட்டும் கன்டென்ட் ஐடி. டிஸ்ட்ரிப்யூட்டரை மாத்தும்போதும் பழைய ஐஎஸ்ஆர்சி (ஒலிப்பதிவோட அடையாள எண்), அதே ஆடியோ, எழுத்து மாறாத பேர். புதுசு லைவ் ஆனப்புறம் பழசை இறக்குங்க. முதல்ல இறக்கினா ஓட்டக் கணக்கும் பிளேலிஸ்ட் இடமும் போச்சு.

மாஸ்டர்_என்_கையில்
சரி ஸ்டெம், ஆனா அது எல்லாம் கத்துக்கக்கூடிய வேலை. ரிலீஸுக்கு மூணு நாலு வாரம் முன்னாடியே அப்லோட் பண்ணணும், குறைஞ்சது 7 நாளுக்கு முன்னாடி ஸ்பாட்டிஃபை பிளேலிஸ்ட்டுக்குப் பிட்ச் போடணும், ஸ்டூடியோவை விட்டுக் கிளம்பறதுக்குள்ள எல்லார்கிட்டயும் ஸ்ப்ளிட் ஷீட்ல (யாருக்கு எத்தனை பங்குன்னு எழுதற தாள்) கையெழுத்து வாங்கணும். பாட்டு ஓடினப்புறம் பங்கு பேசினா சண்டைதான். இதுக்கு ஹெட் எதுக்கு?

கணக்கு_மாமி
ஸ்ட்ரீமிங் கம்பெனிகிட்ட ரேட் பேசறதுக்கு. டிப்ஸ் மியூசிக் கம்பெனிக்கும் விங்க் பாட்டு ஆப்புக்கும் நடந்த வழக்குல, காப்புரிமைச் சட்டம் 31டி தர்ற சட்டபூர்வ லைசென்ஸ் (உரிமையாளர் சம்மதம் இல்லாமலே, நிர்ணயிச்ச ரேட்டைக் கட்டி ஒலிபரப்பற வழி) இணைய ஸ்ட்ரீமிங்குக்குப் பொருந்தாதுன்னு பம்பாய் உயர்நீதிமன்றம் 2019ல சொன்னது, 2022ல டிவிஷன் பெஞ்சும் அதை உறுதி பண்ணது. அர்த்தம் என்ன? ரேட்டை அரசு அமைப்பு நிர்ணயிக்காது, பேரம்தான். ஆயிரக்கணக்குல பழைய பாட்டு வச்சிருக்கறவன் மினிமம் கேரண்டி (பாட்டு ஓடினாலும் ஓடாட்டாலும் வர்ற உறுதியான தொகை) கேட்டு வாங்குவான். பதினஞ்சு பாட்டு வச்சிருக்கற லேபிள், டிஸ்ட்ரிப்யூட்டர் போட்ட ஒப்பந்தத்துல என்ன இருக்கோ அதை எடுத்துக்கணும்.

மாஸ்டர்_என்_கையில்
அந்தப் பேர மேசையில தமிழ் ஹெட்டுக்கு யார் நாற்காலி போடுறாங்க மாமி? சரிகமா, டிப்ஸ் மாதிரிக் கம்பெனிகள் பங்குச்சந்தையில இருக்கு, மூணு மாசத்துக்கு ஒரு தடவை ரிசல்ட் காட்டியாகணும். பட்ஜெட் பெரிய ஹீரோ படப் பாட்டுக்குத்தான் முதல்ல ஓடும். மெர்க்குரி மாதிரி ஏறி இறங்கற கானா பையனுக்கு ரெண்டு வருஷம் பொறுத்திருக்க ஒப்புதல் கிடைக்காது.

ஸ்டெம்_ஃபைல்
இது நியாயம். ஆஃபர் வந்தா சம்பளத்துக்கு முன்னாடி மூணு கேள்வி கேளுங்க: மேல கேக்காம எத்தனை ரூபாய் வரை கையெழுத்துப் போடலாம்? படம் சாராத பாட்டுக்குத் தனி பட்ஜெட் உண்டா? லாப நஷ்டக் கணக்கு உங்க பேர்லயா, மார்க்கெட்டிங் பேர்லயா? மூணாவதுக்கு மழுப்பினா, அது ஹெட் பதவி இல்ல. ஒருங்கிணைப்பாளர் வேலைக்குப் பெரிய விசிட்டிங் கார்டு, அவ்வளவுதான்.

செம்பூர்_ரிதம்
ரெண்டு வருஷம் ஹெட்டா இருந்துட்டு, அப்புறம் வெளிய வந்து அதே பசங்களோட லேபிள் தொடங்கினா?

கணக்கு_மாமி
வேலையை விட்டப்புறம் போட்டித் தொழில் பண்ணக்கூடாதுங்கற நிபந்தனை 1872 ஒப்பந்தச் சட்டம் 27ஆம் பிரிவுப்படி செல்லாது. ஆனா நோட்டீஸ் காலம் வரைக்கும் நீங்க அங்க ஊழியர்தான், ரகசியக் காப்பும் அப்படியே ஒட்டிக்கிட்டு வரும். அதைவிட, பசங்க கையெழுத்துப் போட்டது கம்பெனியோட, உங்களோட இல்ல. நீங்க நகர்ந்தா அவங்க ஒப்பந்தம் நகராது.

ஸ்டெம்_ஃபைல்
அவங்க ஒப்பந்தத்தைக் காப்புரிமைச் சட்டம் 19ஆம் பிரிவோட வச்சுப் படிங்க. காலம் எழுதலேன்னா 5 வருஷம்தான், எல்லை எழுதலேன்னா இந்தியா மட்டும். வாங்கினவர் ஒரு வருஷம் அந்த உரிமையைப் பயன்படுத்தலேன்னா உரிமை காலாவதி, வேற மாதிரி எழுதியிருந்தா ஒழிய. அந்த "வேற மாதிரி" பின்பக்கத்துல ஒரு வரியா நிக்குதான்னு தேடுங்க. பாட்டெழுதினவர், மெட்டுப் போட்டவர் ராயல்டிப் பங்கை மட்டும் 2012 திருத்தத்துக்கு அப்புறம் எந்த லேபிளும் எழுதி வாங்க முடியாது. அந்தப் பணம் கைக்கு வர அவங்க ஐபிஆர்எஸ்ல (அவங்க ராயல்டியை வசூலிச்சுத் தர்ற சங்கம்) உறுப்பினர் ஆகிப் பாட்டைப் பதிவு பண்ணியிருக்கணும்.

கணக்கு_மாமி
சொந்த லேபிள்காரர் ஒப்பந்தத்துலயும் அந்தப் பின்பக்க வரி இருக்காதுன்னு எழுதித் தருவாரா?

மாஸ்டர்_என்_கையில்
ஒரு வருஷத்துல உரிமை காலாவதின்னு எழுதித் தரமாட்டேன் மாமி. வீடியோ எடுக்கவே மழைக்காலம் பூரா போயிடும். 18 மாசம்னு எழுதுவேன்.