தப்பைப் பார்த்தவர் ஏன் வாய் திறக்கவில்லை?

நொய்யல்கரை:
திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் லைன் சூப்பர்வைசராக இருக்கிறேன். டெய்லர், கைமடி (டெய்லருக்கு உதவியாள்), செக்கிங் எல்லாம் சேர்த்து என் லைனில் 22 பேர். தனித்தனியாகப் பார்த்தால் எல்லாருமே வேலை தெரிந்தவர்கள். சேர்ந்து ஒரு ஆர்டரை முடிப்பதற்குள்தான் போதும் போதும் என்றாகிவிடுகிறது.

போன வாரம் ஒரு டி-ஷர்ட் ஆர்டரில் உடம்பு ஒரு ஷேடு, கை ஒரு ஷேடு. கட்டிங்கிலிருந்து வந்த பண்டல்கள் கலந்துவிட்டன. நேவி புளூ என்பதால் டியூப்லைட் வெளிச்சத்தில் சட்டென்று தெரியாது. 640 பீஸ் தைத்து, செக்கிங்குக்குப் போன பிறகுதான் பிடித்தோம். டெய்லர் கட்டிங் மாஸ்டரைச் சொன்னார், கட்டிங் மாஸ்டர் டெய்லரைச் சொன்னார். மறுநாள் டீ நேரத்தில் ஒரு கைமடிப் பெண் மெதுவாக, "முதல் பண்டல்லயே எனக்குத் தெரிஞ்சுதுங்கண்ணா" என்றாள். ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன். "சொன்னா என்னையத்தான வைவாங்க."

அந்தப் பதில்தான் இன்னும் அரித்துக்கொண்டே இருக்கிறது. தினமும் காலையில் பத்து நிமிடம் மீட்டிங் போடுகிறேன். நான் மட்டும்தான் பேசுகிறேன். என்ன செய்யலாம்?

ஊசிநூல்:
முதலில் கூலியைப் பாருங்கள். கைமடிக்கு ஷிப்ட் சம்பளம், டெய்லருக்கு பீஸ் ரேட்டா, அதாவது தைத்த பீஸ் கணக்கில் கூலியா? அப்படியானால் அவள் நிறுத்தச் சொல்லும் ஒவ்வொரு நிமிடமும் டெய்லருக்கு நட்டம். அவர் முறைக்காமல் என்ன செய்வார்? மீட்டிங் போட்டு இது தீராது.

தியேட்டர் அக்கா:
தம்பி, நான் ஆபரேஷன் தியேட்டரில் 27 வருடம் ஸ்க்ரப் நர்ஸாக இருந்து ஓய்வு பெற்றவள். உங்கள் கைமடிப் பெண்ணை எனக்கு நன்றாகத் தெரியும். எங்கள் தியேட்டரிலும் ஒருத்தி இருந்தாள்.

வயிற்று ஆபரேஷனில் தையல் போடும் முன் மாப் எண்ண வேண்டும். ரத்தம் ஒற்றும் துணி. ஒருநாள் புதிதாக வந்த பெண் எண்ணிவிட்டு, "சார், ஒண்ணு குறையுது" என்றாள். சர்ஜன் நிமிரவே இல்லை. "ஒழுங்கா எண்ணத் தெரியாதா?" என்று கத்தினார். தேடினோம், பக்கெட்டுக்கு அடியில் ஒட்டிக்கொண்டிருந்தது. நோயாளிக்கு ஒன்றும் ஆகவில்லை. ஆனால் அதன்பிறகு ஒரு மாதம் அந்தப் பெண் வாய் திறக்கவில்லை. எண்ணிக்கையைத் தாளில் எழுதி என்னிடம் நீட்டுவாள், அவ்வளவுதான். எனக்கு அதுதான் பயமாக இருந்தது.

2008-ல் உலக சுகாதார நிறுவனம் அறுவை சிகிச்சைக்கென்று 19 அம்சங்கள் கொண்ட ஒரு பட்டியல் கொண்டுவந்தது. கத்தி வைக்கும் முன் அறையில் இருக்கும் எல்லாரும் தங்கள் பெயரையும் பொறுப்பையும் வாய்விட்டுச் சொல்ல வேண்டும் என்பது அதில் ஒன்று. டெல்லி உட்பட எட்டு நகரங்களில் சோதித்துப் பார்த்தார்கள். இறப்பு 1.5 சதவீதத்திலிருந்து 0.8 சதவீதத்துக்கு இறங்கியது. பெயர் சொன்னதால் மட்டும் என்று சொல்ல மாட்டேன், மாப் கணக்கு, மருந்து, எல்லாமே அந்தப் பட்டியலில் உண்டு. ஆனால் நான் கண்ணால் பார்த்தது இது: காலையில் ஒருமுறை தன் பெயரைச் சத்தமாகச் சொன்ன பெண்ணுக்கு, மதியம் "சார், நிறுத்துங்க" என்று சொல்லக் குரல் வருகிறது.

பின்னால் வந்த இன்னொரு சர்ஜன் கணக்குக் குறைகிறது என்றால் கையை எடுத்துவிட்டு, "சரிம்மா, தேடுவோம்" என்பார். எண்ணியவள் தப்பாக எண்ணியிருந்தாலும் அதேதான். அந்த இரண்டாவது விஷயத்தைக் கவனியுங்கள். தப்பாகச் சொன்னாலும் திட்டு விழாது என்று தெரிந்தால்தான் சரியானதைச் சொல்வார்கள்.

நொய்யல்கரை:
அக்கா, ரெண்டு வருடமாக அவளை "ஏம்மா" என்றுதான் கூப்பிட்டிருக்கிறேன். இன்று எல்லார் முன்னாலும் பெயர் சொல்லிக் கூப்பிட்டு, அவள் கண்டுபிடித்ததைச் சொன்னேன். இனி ஒவ்வொரு கலருக்கும் முதல் பண்டலை ஜன்னல் வெளிச்சத்தில் அவள் பார்த்துச் சொன்ன பிறகுதான் மெஷினுக்குப் போகும். கட்டிங் மாஸ்டருக்கு முகம் சுருங்கியது, அவரிடம் தனியாகப் பேச வேண்டும்.

ஊசிநூல் கேட்டதும் சரி. டெய்லர்களுக்கு பீஸ் ரேட்தான். லைன் நின்றால் அவர்களுக்கு என்ன கொடுப்பது?

ஊசிநூல்:
நின்ற நேரத்துக்கு ஷிப்ட் கணக்கில் கூலி போடச் சொல்லி முதலாளியிடம் கேளுங்கள். 640 பீஸைப் பிரித்துத் தைக்க ஆன கூலியை ஒரு தாளில் எழுதிக் கையோடு கொண்டு போங்கள்.