ஓடைக்கரை மனை: விதிவிலக்கு மனு எழுத உதவி வேண்டும்

வணக்கம். என் மனையில் பெரும்பகுதி ஓடையை ஒட்டிய பாதுகாப்புப் பட்டைக்குள் (ஓடையைக் காக்க, கட்டடம் கட்டக் கூடாது என்று விதி ஒதுக்கிய இடம்) வருகிறது. மிச்ச இடத்தில் சின்ன வீடுகூடக் கட்ட முடியாது. அதனால் இடர்ப்பாட்டுக் காரணத்தைக் காட்டி விதிவிலக்கு கேட்கப் போகிறேன்.

லாபம் குறையும், செலவு கூடும் என்பது மட்டும் எடுபடாது என்று தெரிகிறது. சிரமம் நிலத்தின் அமைப்பால் வந்தது, நானாக வரவழைத்ததில்லை என்று காட்ட வேண்டும். இங்கேதான் பயமாக இருக்கிறது: விதி வந்த பிறகு வாங்கிய மனை இது. அதையே எனக்கு எதிராக எடுத்துக்கொள்வார்களா?

அப்புறம், ஏற்கெனவே இப்படி மனு போட்டவர்களிடம் ஒரு கேள்வி: வீட்டைச் சுருக்கியும் தள்ளியும் போட்டுப் பார்த்த மாற்று வரைபடங்களைச் சேர்த்தீர்களா? பட்டையில் இழக்கும் இடத்துக்கு ஈடாக வேறிடத்தில் மரம் நடுவதாகச் சொன்னது உதவியதா? ஓடையைக் கெடுக்க எனக்கு மனமில்லை. தயவுசெய்து சொல்லுங்கள்.