தாம்பரத்தில் படிக்கப் போகும் பிள்ளைகளுக்கு ஹாலா, வெளி அறையா?

பெகுக்காரர்:
சென்னை கிறிஸ்தவக் கல்லூரியில் பிள்ளையைச் சேர்க்கும் நம் பர்மாத் தமிழ்ப் பெற்றோர் கேட்பது ஒன்றுதான்: ஹால் என்று சொல்லும் கல்லூரி விடுதியில் போடுவதா, தாம்பரத்தில் ரூம் எடுத்துக் கொடுப்பதா? முதல் வருஷம் கட்டாயம் ஹால்தான் என்பேன். 1937இல் கல்லூரி ஜார்ஜ் டவுனை விட்டுத் தாம்பரத்துக்கு வந்தது. அங்கே சேலையூர் ஹால், செயின்ட் தாமஸ் ஹால், பிஷப் ஹீபர் ஹால் மூன்றுக்கும் படுத்து எழுந்து போவதைத் தாண்டிய வேலை இருந்தது. பல துறை, பல ஊர்ப் பிள்ளைகள் ஒரே மேசையில் சாப்பிட்டு, தங்கள் காரியங்களைத் தாங்களே பார்த்துக்கொள்ளப் பழகும் இடம் அது. பர்மியப் பள்ளியில் படித்து, எழுத்துத் தமிழ் தடுமாறும் நம் பிள்ளைக்கு அந்த மேசைதான் முதல் வகுப்பு.

தாட்டோன் தம்பி:
அண்ணே, மேசை சரி, பில்லைப் பாருங்க. டிவைடிங் முறையில் மெஸ் நடக்கும் விடுதியில், மாதச் செலவு மொத்தத்தையும் எல்லோருடைய சாப்பாட்டு நாட்களால் வகுப்பார்கள். ஒரு கணக்குக்குச் சொல்றேன். 100 பேர், 30 நாள், ஆக 3,000 சாப்பாட்டு நாள். மளிகை, காய்கறி நாளுக்கு 90 ரூபாய் வீதம் 2,70,000. சமையல்காரர் சம்பளம், கேஸ் 90,000. நாளுக்கு 120 வருது. தேர்வு விடுமுறை மாதத்தில் சராசரியா ஆளுக்கு 10 நாள்தான் சாப்பிட்டால் மளிகை 90,000 ஆகக் குறையும், சம்பளமோ கேஸோ பெரிசா குறையாது. நாளுக்கு 180 ஆயிடும். உள்ளூர்ப் பையன் பெட்டியைத் தூக்கிக்கிட்டு ஊருக்குப் போயிடுவான். யாங்கோனுக்கு டிக்கெட் எடுக்க முடியாத நம்ம பையன் அங்கேயே இருந்து அந்த விலையைக் கட்டணும். இது நியாயமா?

மோல்மேன் அக்கா:
தம்பி சொன்ன கணக்கு சரி. ஆனா அந்த மாதிரி மாதம் வருஷத்துக்கு எத்தனை வந்துடும்? பில் ஏறுவதற்குப் பெரும்பாலும் வேறு காரணம்: மெஸ் கட், அதாவது ‘இந்த நாட்களில் எனக்குச் சாப்பாடு வேண்டாம்’ என்று எழுதிக் கொடுக்காமல் வெளியே போவது. முன்கூட்டியே நோட்டில் எழுதாவிட்டால் சாப்பிடாத நாளும் கணக்கில் ஏறும். எத்தனை நாளுக்கு முன்னால் எழுதணும், குறைந்தது எத்தனை நாள் தொடர்ந்து இல்லாவிட்டால் கழிப்பார்கள் என்பதைச் சேரும் அன்றே கேட்டு வைக்கணும்.

வெளி ரூமுக்கு வாங்க. வெளிநாட்டவரைத் தங்க வைக்கும் வீட்டுக்காரர் 24 மணி நேரத்துக்குள் அந்த விவரத்தை அரசிடம் பதியணும். 180 நாளுக்கு மேற்பட்ட மாணவர் விசா என்றால், வந்த 14 நாளுக்குள் எஃப்.ஆர்.ஆர்.ஓ. என்ற வெளிநாட்டவர் பதிவு அலுவலகத்தில் பதிவும் செய்யணும். அதற்கு முகவரிச் சான்று வேண்டும். வாடகைக் கணக்கைக் காட்ட விரும்பாத வீட்டுக்காரர் கையெழுத்துக்கு இன்னைக்கு நாளைக்கு என்பார், 14 நாள் ஓடிவிடும். ஹாலில் இருந்தால் கல்லூரி அலுவலகத்திலேயே சான்று வாங்கலாம். தவிர, அட்வான்ஸ் என்று 10 மாத வாடகை கேட்பது சென்னையில் பழைய வழக்கம். அந்தப் பணத்தை நம்ம பர்மியக் கியாட்டிலிருந்து மாற்றி அனுப்பிப் பாருங்க, மெஸ் பில் சின்னதாத் தெரியும்.

தாட்டோன் தம்பி:
பேப்பர் விஷயத்தில் அக்கா சொல்றது உண்மைதான். சாப்பாட்டில் ஒத்துக்க மாட்டேன். நம்ம பிள்ளைகளுக்கு மீன் குழம்பில் நூடுல்ஸ் போட்ட மொஹிங்கா ஒரு கிண்ணம் இல்லாவிட்டாலும், ராத்திரி ஏதாவது சூடா வேணும். ரூமில் அடுப்பே கூடாது என்றால் என்ன செய்வான்?

பெகுக்காரர்:
அடுப்பைத் தடுப்பது வயரிங்குக்காகத் தம்பி. 1,500 வாட் ஹீட்டர் 230 வோல்ட்டில் ஆறரை ஆம்பியர் இழுக்கும். அறையில் சாதாரண பிளக் பாயிண்ட் 6 ஆம்பியர்தான். நாலு அறையில் ஒரே நேரம் போட்டால் ஃபியூஸ் போகும், இல்லாவிட்டால் பாயிண்ட் உருகும். வீட்டிலிருந்து பலச்சாங் கொடுத்தனுப்புங்க. காய்ந்த கூனி இறாலையும் பூண்டையும் ஈரம் துளியும் இல்லாமல் மொறுமொறு என்று வறுத்து, நன்றாக ஆறிய பிறகு கண்ணாடி பாட்டிலில் அடைக்கணும். சூட்டோடு மூடினால் மூடியில் நீர் கோர்த்துப் பூசணம் பிடிக்கும். ஈரக் கரண்டி போடாமல் இருந்தால் வாரக் கணக்கில் தாங்கும். புளிக்க வைத்த மீன் விழுதான ஙாப்பி மட்டும் வேண்டாம், அந்த வாசனைக்கே ரூம்மேட் சண்டை வரும். ஞாயிற்றுக்கிழமை ஏக்கம் வந்தால் தாம்பரத்தில் மின்சார ரயில் ஏறிக் கடற்கரை ஸ்டேஷனில் இறங்கட்டும், பர்மா பஜார் பக்கம் நம்ம நூடுல்ஸ் அத்தோ கிடைக்கும்.

மோல்மேன் அக்கா:
இன்னொன்று. நம்மூர் மழை அக்டோபரோடு அடங்கும், சென்னைக்கு அப்போதுதான் ஆரம்பம். டிசம்பர் வரை துணி காயாது. மரம் அடர்ந்த வளாகம், கொசு அதிகம். கட்டில் அளவைக் கேட்டுவிட்டுக் கொசுவலை வாங்குங்க. மெத்தைக்கு அடியில் சொருகும் அளவுக்கு நீளம் இல்லாத வலை, வாங்கியும் வீண்.

பொண்ணு என்றால் லோக்கல் கார்டியன் யார் என்பதை இப்போதே முடிவு செய்யுங்க. 1960களில் பர்மாவை விட்டு இந்தியாவுக்குத் திரும்பிப் போன சொந்தம் வியாசர்பாடியில் இருக்கு என்று பேரைக் கொடுத்துவிடுகிறார்கள். அவருக்கு எண்பது வயது, போன் எடுக்க மாட்டார். காய்ச்சல் என்றால் ராத்திரி கிளம்பி வரக்கூடியவர் பெயராக இருக்கணும்.

தாட்டோன் தம்பி:
முதல் வருஷம் ஹால், சரி. இரண்டாம் வருஷம் மூணு பையன்கள் சேர்ந்து வீடு எடுத்தால் செலவு குறையும் என்பதில் மாறமாட்டேன்.

பெகுக்காரர்:
எடுக்கட்டும். மாறின முகவரியை எஃப்.ஆர்.ஆர்.ஓ.வில் உடனே தெரிவிக்கணும். ஒப்பந்தத்தில் மூன்று பேர் பெயரும் இருக்கணும். ஒருவன் பெயரில் மட்டும் எழுதினால் மற்ற இரண்டு பேருக்கும் முகவரிச் சான்று கிடைப்பது சிரமம்.